பொங்காத கல்

துளி பொங்கவில்லை. வசந்தாமணி டிராப்பரைக் கையில் பிடித்தபடியே இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். அமிலத் துளி அந்த வெள்ளைக் கல்லின் மேல் ஜவ்வரிசி அளவுக்கு உருண்டு, ஜன்னல் கம்பிகளை வளைத்துக் காட்டிக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருந்தது. பொங்க வேண்டும். கால்சைட் என்றால் அமிலம் பட்ட மறுநொடியே சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ஸ்ஸென்று நுரைக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக இந்தக் கல்லூரியின் நிலவியல் ஆய்வகத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு ஜூலையிலும் அவள் சொல்கிற முதல் பாடமே அதுதான். நாளைக் காலை செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வருகிறார். நீள மேஜையில் எட்டு மரத்தட்டுகள் வரிசையாக இருந்தன. கனிமங்களை அவற்றின் வேதிப்பொருளைக் கொண்டு பிரிக்கிற வரிசை: தனிமங்கள், சல்ஃபைடுகள், ஆக்சைடுகள், ஹாலைடுகள், கார்பனேட்டுகள், சல்ஃபேட்டுகள், பாஸ்ஃபேட்டுகள், கடைசியில் மேஜையின் பாதியை அடைத்துக்கொண்டு சிலிக்கேட்டுகள். ஒவ்வொரு கல்லையும் ஒருமுறை சோதித்து, நம்பர் எழுதி, அதனதன் தட்டில் வைத்துவிட்டால் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம். நான்கு தட்டு முடிந்துவிட்டது. ஐந்தாவதில்தான் இந்தக் கல். கல்லூரியின் பழைய கால்சைட், பிள்ளைகள் வருஷா வருஷம் அமிலம் விட்டு விட்டு, கரைந்து சூம்பி, சொத்தைப்பல் அளவுக்கு வந்துவிட்டிருந்தது. அதனால்தான் முந்தாநாள் அவள் தன் கணவர் குழந்தைவேலிடம், "ஏனுங்க, உங்க மில்லுல இருந்து நல்ல கல்லா ஒண்ணு எடுத்துட்டு வாங்க, பரிட்சைக்கு வேணும்" என்று சொன்னாள். நேற்று சாயங்காலம் அவர் அதைப் பேப்பரில் பொதிந்து கொண்டுவந்தார். "குமிச்சுக் கெடக்கறதுலயே வெள்ளையாப் பாத்து எடுத்தாந்தேன் மணி" என்றார். சொல்லிவிட்டு இருமினார். அந்த இருமல் இப்போதெல்லாம் வீட்டில் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அமிலம் பழசாக இருக்கும். அதுதான். பாட்டிலைச் சரியாக மூடாமல் வைத்திருப்பார்கள், வீரியம் போயிருக்கும். அவள் அந்தச் சூம்பிய பழைய கால்சைட்டை எடுத்து அதே பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். அது சீறிக்கொண்டு பொங்கியது. விரல் வரைக்கும் நுரை வந்தது.

சரி, இருக்கட்டும். அதனால் ஒன்றும் இல்லை. புதுக்கல்லின் மேல் தூசியோ எண்ணெய்யோ படிந்திருக்கும், மில் கல்தானே, லாரியில் வந்தது, டீசல் பட்டிருக்கும். கழுவினாள். துடைத்தாள். இன்னொரு சொட்டு. அந்தச் சொட்டும் உட்கார்ந்தது. ஒரு கல் பொங்கவில்லை, அவ்வளவுதானே. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கல்லை அவர் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தார். லாரி புக்கிங் ஆபீஸ் மூடிப்போய் நாலு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, ஊருக்கு வெளியே புதிதாக வந்த கல்மாவு மில்லில் சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிட்ட சமயம். "தூசியிலதான் நிக்கோணும் போல இருக்குது. இந்தக் கல்லு ஒடம்புக்கு ஆகுமா ஆகாதான்னு உனக்குத்தான தெரியும், பாத்துச் சொல்லு" என்றார். அவள் சிரித்துக்கொண்டே அம்மியில் ஒரு ஓரத்தைப் பொடித்து, பாதி எலுமிச்சம்பழத்தை அதன் மேல் பிழிந்தாள். பொடி மெல்ல நுரைத்தது. "பாத்தீங்களா, பொங்குது. கார்பனேட்டு. நாம தின்னுற வெத்தலைச் சுண்ணாம்புக்குச் சொந்தக்காரன். உள்ள போனாலும் ஒடம்பு கரைச்சுரும். ஒண்ணும் பண்ணாது, தைரியமாப் போங்க." ஒண்ணும் பண்ணாது. அவர் போனார். முதல் மாதச் சம்பளத்தில் அவளுக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கிவந்தார், கல் பார்க்கிறவள் என்று. ஒண்ணும் பண்ணாது என்று அவள் சொன்னது பொய்யில்லை. அந்தக் கல் பொங்கியது, அவள் கண்ணால் பார்த்தாள். அந்தக் கல் பொங்கியது. அந்த ஒரு கல்.

"மேடம், டீ ஆறுது" என்றாள் ரத்தினக்கா. ஆய்வகத்தின் அட்டெண்டர். வசந்தாமணியைவிடப் பத்து வயது மூத்தவள், இந்த மேஜையில் எந்தக் கல் எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடியவள். "குடிக்கிறேன் அக்கா. அந்த உரலை எடுங்களேன்." ஏனென்றால் டோலமைட் இருக்கிறதே. அதை மறந்தே போனாளே! டோலமைட்டும் கார்பனேட்தான், கால்சியத்தோடு மக்னீசியமும் சேர்ந்தது. முழுக்கல்லில் பொங்காது, பொடித்தால்தான் பொங்கும். பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் இதில்தான் ஏமாறுவார்கள், அவளே ஏமாறப் பார்த்தாள். லேசாகச் சிரிப்புகூட வந்தது. கல்லின் முனையைச் சுத்தியலால் தட்டினாள். சுத்தியல் எகிறியது. இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டில் ஒரு சில்லு தெறித்து வந்தது. இவ்வளவு முரண்டு பிடிக்கிற டோலமைட்டை அவள் பார்த்ததில்லை, ஆனால் அதைப் பற்றி அவள் இப்போது நினைக்க விரும்பவில்லை, பொடிப்பதில் மட்டும் கவனமாக இருந்தாள். உரலில் கறகறவென்று அரைபட்டது. பொடி கண்ணாடிக் கிண்ணத்துக்கு வந்தது. அமிலம் விட்டாள். பொடி நனைந்து கீழே படிந்தது. ஒரு குமிழி. ஒன்றே ஒன்று. பொடிக்குள் சிக்கியிருந்த காற்று அது, மேலே வந்து உடைந்து போய்விட்டது. சரி, மேக்னசைட். சேலம் ஜில்லாக்காரிக்கு மேக்னசைட் மறக்கலாமா, ஊரைத் தாண்டினால் வெள்ளை வெள்ளையாக மண்ணெல்லாம் அதுதானே. அதுவும் கார்பனேட், அதற்கு அமிலம் சூடாக இருக்க வேண்டும். "ஸ்பிரிட் விளக்கைப் பொருத்துங்க அக்கா." "இதுக்குப் போயி விளக்கா? நாளைக்கு எவன் சூடு பண்ணிப் பாக்கப் போறான்?" "பொருத்துங்கக்கா." குரல் எங்கேயோ உயர்ந்துவிட்டது. ரத்தினக்கா தீக்குச்சியை உரசினாள். பொடியையும் அமிலத்தையும் சோதனைக் குழாயில் விட்டு நீலச் சுடர் மேல் பிடித்தாள் வசந்தாமணி. அமிலம் சூடேறியது, காரமான ஆவி மூக்கில் ஏறியது. பொடி குழாயின் அடியில், ஆற்று மணல் தண்ணீருக்கடியில் கிடக்கிற மாதிரி, அசையாமல் கிடந்தது.

அப்படியானால் கார்பனேட் இல்லை. சொல்லிவிட்டாள், மனசுக்குள்தான் சொன்னாள், ஆனாலும் சொன்னது சொன்னதுதான். ஐந்தாவது தட்டு இல்லை. இருக்கட்டும், இன்னும் ஏழு தட்டு இருக்கிறதே, எல்லாமா ஆளைக் கொல்லும்? கனிமத்துக்குக் குடும்பப் பெயர் அதிலிருக்கும் உலோகத்தால் வருவதில்லை, அந்த உலோகம் யாரோடு சேர்ந்திருக்கிறது என்பதால்தான் வருகிறது. இதை அவள் போர்டில் எழுதி அடிக்கோடிட்டுச் சொல்வாள். அதே கால்சியம்தான், கார்பனேட்டோடு சேர்ந்தால் கால்சைட், சல்ஃபேட்டோடு சேர்ந்தால் ஜிப்சம், ஃப்ளோரினோடு சேர்ந்தால் ஃப்ளூரைட், வேறு வேறு தட்டு, வேறு வேறு குணம். அதே பேரியம்தான், சல்ஃபேட்டோடு இருக்கும்போது எக்ஸ்ரே எடுக்க டம்ளரில் குடிக்கக் கொடுக்கிறார்கள், கார்பனேட்டோடு இருந்தால் எலி பாஷாணம். கார்பனேட் என்றால் நல்லவன் என்றும் இல்லை, சிலிக்கேட் என்றால் கெட்டவன் என்றும் இல்லை, ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பார்த்துத்தான். ஜிப்சமாக இருக்கலாம். வெள்ளையாகத்தானே இருக்கும். நகத்தால் கீறினாள். ஜிப்சமானால் கோடு விழும். நகம் வழுக்கியது, ஒரு மூலை ஒடிந்தது. பாரைட்டாக இருக்கலாம். கையில் தூக்கிப் பார்த்தாள், பாரைட் அதன் அளவுக்கு மீறிக் கனக்கும், கையைக் கீழே இழுக்கும். இது இழுக்கவில்லை. இந்த அளவில் ஒரு சாதாரணக் கல் எவ்வளவு கனக்குமோ அவ்வளவுதான். உப்பு? கல்லுப்பு ஹாலைடு. பைத்தியமா, உப்பு கழுவும்போதே கரைந்திருக்காதா? ஆனாலும் நாக்கு நுனியை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். ரத்தினக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது தெரிந்தும் வைத்தாள். ஒன்றும் இல்லை. சில்லென்று இருந்தது. ஃப்ளூரைட், அபடைட், இரண்டையும் கத்தி கீறிவிடும். பேனாக்கத்தியை எடுத்து அழுத்தி இழுத்தாள். கோடு விழுந்தது, பளபளவென்று, சாம்பல் நிறத்தில். விழுந்துவிட்டது, விழுந்துவிட்டதே! விரலை நனைத்து அழுத்தித் தேய்த்தாள். கோடு விரலோடு வந்துவிட்டது. கல்லில் விழுந்த கோடு இல்லை அது. கத்தியின் இரும்புதான் தேய்ந்து கல்லின் மேல் ஒட்டியிருந்தது.

மேஜை இழுப்பறையில் கண்ணாடித் துண்டு இருந்தது. அதை எடுக்க வேண்டாம் என்று தோன்றியது. எடுக்காமல் இருந்தால் என்ன ஆகும்? பழைய கால்சைட்டையே வைத்துவிடலாம், எக்ஸ்டர்னல் குறை சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், இந்தக் கல்லைப் பேப்பரில் பொதிந்து பின்பக்கக் கிணற்றில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உப்புமா கிளறலாம். அவர் ஆறரைக்கு வருவார். வாசலில் நின்று சட்டையைக் கழற்றி உதறுவார். உதறும்போது ஒரு வெள்ளைப் புகை எழுந்து தெருவிளக்கில் மினுங்கிக்கொண்டு மெல்ல இறங்கும். மினுங்கும். சுண்ணாம்புத் தூள் மினுங்குமா? அவள் கை இழுப்பறையைத் திறந்துவிட்டிருந்தது. கண்ணாடித் துண்டை மேஜையில் வைத்து, கல்லின் கூரான முனையை அதன் மேல் ஊன்றி இழுத்தாள். கிறீச்சென்று ஒரு சத்தம், பல் கூசுகிற சத்தம், ரத்தினக்கா "அய்யோ" என்று காதைப் பொத்திக்கொண்டாள். துடைத்தாள். கோடு அப்படியே இருந்தது. நகத்தால் தடவினாள். பள்ளம். வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு முடிக் கனத்துக்கு வெள்ளைப் பள்ளம். கண்ணாடியைவிடக் கெட்டி, கடினம் ஆறோ ஏழோ. உடைந்த முகத்தை, அவர் வாங்கித்தந்த பூதக்கண்ணாடியால் பார்த்தாள். தட்டையாகப் பிளக்கவில்லை. தட்டையாகப் பிளந்திருந்தால் ஃபெல்ஸ்பார் என்று சொல்லிக்கொள்ளலாம். கிளிஞ்சலின் உள்பக்கம் மாதிரி வளைந்து வளைந்து உடைந்திருந்தது. குவார்ட்ஸ். சிலிக்கா. அவள் உட்கார்ந்தாள். ஸ்டூல் அங்கே இருந்தது நல்லதாகப் போயிற்று. காதுக்குள் ங்கொய்யென்று ஒரே சத்தம், ஃபேன் சத்தம்தான், ஆனால் அது தலைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வாய் மட்டும் காய்ந்துபோய், நாக்கு நுனியில், கல்லைத் தொட்ட இடம் மட்டும், தனியாகத் தெரிந்தது.

"என்ன வேலைங்க பாக்கறார்?" அந்த டாக்டரம்மா கேட்டாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நெஞ்சு ஆஸ்பத்திரியில். சின்ன வயசு, தூக்கம் கெட்ட கண்கள், எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். படத்தில் அவருடைய நெஞ்சின் மேல்பாதி முழுக்க ரவை தூவின மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. "கல் அரைக்கிற மில்லுங்க." "என்ன கல்லு?" அந்தக் கேள்வி அவரைப் பார்த்துத்தான் கேட்கப்பட்டது. அவர் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்ல வந்தார்? இன்றைக்கு வரைக்கும் அவள் அதைக் கேட்டதில்லை, ஏனென்றால் அவர் சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "கால்சைட் மேடம். கால்சியம் கார்பனேட். நான் ஜியாலஜிதான், காலேஜ்ல இருக்கேன். அது ஒண்ணும் பண்ணாது." எவ்வளவு நிமிர்ந்து சொன்னாள்! அன்றைக்குக் கட்டியிருந்த புடவைகூட ஞாபகம் இருக்கிறது, பச்சையில் மாம்பழ பார்டர். டாக்டரம்மா முகத்தில் ஒரு மரியாதை வந்தது. "அப்படியா, நல்லது, நான் சிலிக்காவோன்னு பயந்தேன். சளியில கிருமி தெரியல, இருந்தாலும் படத்தைப் பாத்தா டி.பி. மாதிரிதான் இருக்கு, ஆறு மாசம் மாத்திரை எடுத்துரட்டும்." நான் சிலிக்காவோன்னு பயந்தேன். டாக்டரம்மா சரியாகத்தான் பயந்தாள். தப்பான வழிக்குத் திருப்பிவிட்டது யார்? ஆறு மாதம் மாத்திரை, சிறுநீர் சிவப்பாகப் போகிற மாத்திரை. அப்புறம் மறுபடியும் இருமல், மறுபடியும் ஆறு மாதம். இரண்டு தடவையும் மருந்து முழுக்கச் சாப்பிட்டார், ஒரு வேளை விடவில்லை, மறுநாளே மில்லுக்குப் போனார். கிருமியே தெரியாத டி.பி. இரண்டு தடவை எப்படி வரும் என்று அவள் ஏன் ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசிக்கவில்லை? மூன்றாம் செமஸ்டர் வினாத்தாளில் அவளே போடுகிற கேள்வி: சிலிகோசிஸ் எதனால் வருகிறது? ஒரு மதிப்பெண். எல்லாப் பிள்ளைகளும் சரியாக எழுதும். நுண்ணிய சிலிக்கா தூளை நெடுங்காலம் சுவாசிப்பதால். டிக். ஒரு மதிப்பெண். டிக். டிக். தூள் நுரையீரலுக்குள் போய் உட்காரும், உடம்பால் அதைக் கரைக்க முடியாது, கரைக்கப் போன செல்லெல்லாம் செத்து, செத்த இடம் தழும்பாகி, தழும்பு இறுகி. சூடான அமிலத்தில் கரையாதது ஒரு மனுஷனின் நெஞ்சில் எப்படிக் கரையும்.

எப்போது மாறியது? கல் எப்போது மாறியது? ஒருநாள் இரவு சாப்பாட்டில், ஐந்து வருஷம் இருக்குமா, ஆறா, வீட்டுக்கு வெள்ளையடித்த வருஷம், அப்படியானால் ஆறு. அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "இப்ப ஓடறது வேற கல்லு மணி. எம்மா கெட்டி! முன்னால மூணு மாசம் வந்த மெஷின் சுத்தியலெல்லாம் இப்ப எட்டே நாள்ல தேஞ்சு போவுது. ஃபிட்டருக்கு வேற வேலையே இல்ல." அவள் பரிட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். முகத்தை நிமிர்த்தாமல், "நல்ல இரும்பா வாங்கிப் போடச் சொல்லுங்க" என்றாள். நல்ல இரும்பா! இரும்பையே தேய்க்கிற கல் என்று அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார், கடினத்தை அளந்து கையில் கொடுத்திருக்கிறார், ஒரு முதல் வருஷப் பிள்ளைகூட, எம்மா கெட்டி என்ற சொல்லிலேயே தலையை நிமிர்த்தியிருக்கும். அவள் நிமிர்த்தவில்லை. அவர் மறைக்கவில்லை, ஏமாற்றவில்லை, வந்து சொன்னார். பிறகு ஆறு வருஷமும் அந்தச் சட்டைகளை அவள்தான் துவைத்தாள். தண்ணீர் பால் மாதிரி வரும். தொட்டியின் அடியில் வண்டல் தங்கும், அதை விரலால் வழித்து எடுத்துச் செடிக்குப் போடுவாள், சுண்ணாம்புச் சத்து என்று. விரலுக்கு நடுவில் அது நறநறவென்றிருக்கும். சுண்ணாம்பு வழவழவென்றிருக்கும், இது நறநறவென்றிருந்தது. கை சொன்னது, அவர் சொன்னார், எக்ஸ்ரே சொன்னது, டாக்டரம்மா வாய்திறந்து சிலிக்கா என்ற சொல்லையே சொன்னாள். இத்தனை பேர் சொல்லியும் கேட்காதவள் தினமும் நிலவியல் ஆய்வகத்துக்கு வந்து பதினெட்டு வருஷமாக அட்டவணை போட்டாள். ஒருநாள், ஒரே ஒருநாள், ஒரு சிட்டிகை வண்டலைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் போட்டு இங்கே கொண்டுவந்து ஒரு சொட்டு விட்டிருந்தால் போதும். ஒரு சொட்டு. அரை நிமிஷம்.

"முடிஞ்சுதாம்மா?" துறைத்தலைவர் ஞானசம்பந்தம் சார் கதவோரம் நின்றார், கையில் நாளைக்கான பெயர்ப் பட்டியல். அவள் எழுந்து நின்றாள். கல் அவள் உள்ளங்கையில் இருந்தது, ஐந்தாவது தட்டுக்கும் எட்டாவது தட்டுக்கும் நடுவில் கை அந்தரத்தில் நின்றது. வாய் தானாகக் கேட்டது: "சார், குவார்ட்ஸை எதுல வைக்கறது?" அவர் சிரித்தார். அது இந்தத் துறையில் பழைய சண்டை. "ஃபார்முலாவை மட்டும் பாத்தா ஒரு சிலிக்கான், ரெண்டு ஆக்சிஜன், சுத்தமான ஆக்சைடு. கட்டமைப்பைப் பாத்தா சிலிக்கேட்டோட போகுது. எக்ஸ்டர்னல் நம்ம பழைய ஆளுதான், சிலிக்கேட்லயே வைங்க. எதுல வெச்சா என்ன, கல்லு கல்லுதான?" பட்டியலை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷர். எதுல வெச்சா என்ன. எதுல வெச்சா என்ன என்று அவருக்குத் தெரியாது, பாவம், அவருக்கு அது நாளைக்குக் காலை பத்திலிருந்து ஒரு மணி வரைக்குமான விஷயம். வசந்தாமணி கல்லை எந்தத் தட்டிலும் வைக்கவில்லை. ரத்தினக்கா பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். "என்ன மேடம், மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்குது, என்னாச்சு?" "இது அவரு மில்லுக் கல்லுக்கா." "ஆமா, கால்சைட்டு." "இல்லக்கா." அதற்கு மேல் ரத்தினக்காவுக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. முப்பது வருஷம் இந்தக் கற்களைத் துடைத்தவள். அவள் கண்ணாடித் துண்டை எடுத்து, கோட்டைப் பெருவிரலால் ஒருதரம் தடவிப் பார்த்தாள். முகம் மாறியது. "போன் போடுங்க முதல்ல" என்றாள்.

மணி நாலு ஐந்து. ஒன்பது ரிங் போனபிறகு எடுத்தார். பின்னால் மில் ஓடிக்கொண்டிருந்தது, நூறு பேர் ஒரே சமயத்தில் சரளையைக் கொட்டுகிற மாதிரி. "என்ன மணி, இந்நேரத்துல?" கத்தித்தான் பேச வேண்டும், எப்போதும் அப்படித்தான். "ஏனுங்க, நீங்க குடுத்த கல்லு பொங்கல." "என்ன?" "பொங்கலீங்க! அது கால்சைட்டே இல்ல!" "அட, இது குவார்ட்ஸு. கண்ணாடிக் கம்பெனிக்குப் போறது. ரொம்ப வருசமா இதுதான ஓடுது, நாந்தான் உன்கிட்டச் சொன்னனே. மில்லு போர்டுல இன்னும் கால்சைட்டுன்னு இருக்குது, நாங்க எல்லாத்தையும் கால்சைட்டுன்னேதான் சொல்லுவோம். ஏன், பரிட்சைக்கு ஆகாதா?" அவர் குரலில் ஒரு வருத்தம் இருந்தது, அவளுக்கு உதவாத கல்லை எடுத்துக் கொடுத்துவிட்டோமே என்கிற வருத்தம். "கேளுங்க. உங்களுக்கு டி.பி. இல்ல. ரெண்டு தடவையும் இல்ல. இந்தத் தூளுதான். நெஞ்சுல போயி உக்காந்துருக்குது. நான் டாக்டர்கிட்டத் தப்பாச் சொல்லிட்டேன், எல்லாம் நான் சொன்னதால வந்தது. நீங்க இப்பவே வெளிய வாங்க. சட்டையைக் கழட்டி அங்கயே போட்டுட்டு வாங்க." அவர் திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். "மாத்திரை தின்னா சரியாயிருமா?" என்று கேட்டார். பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. "ஆகாதுங்க. இனிமே உள்ள போகாம இருந்தா, இதோட நிக்கும். நிக்கலாம்." பிறகு, மெதுவாக, மில் சத்தத்துக்குள் அவளுக்குக் கேட்குமா கேட்காதா என்கிற கவலையே இல்லாமல், தனக்குத்தானே கணக்குப் போடுகிற மாதிரி அவர் சொன்னார்: "அப்ப செத்துப்போன மாரப்பனுக்கும் டி.பி. இல்ல." அவளுக்கு மாரப்பனைத் தெரியும். போன ஆடியில் போனான், மூட்டை தைக்கிறவன், முப்பத்தெட்டு வயசு. "சல்லடை போடற பழனாத்தா ஒரு மாசமா படி ஏற முடியலங்கறா. மூட்டைப் பக்கம் நிக்கற புள்ளைங்க மூணும் இருமுது. மணி, இங்க பதினேழு பேரு இருக்கறோம்."

பதினேழு. அவள் ஒருவருக்காகத்தான் போன் செய்தாள், அந்த ஒருவரைத் தவிர வேறு யாரும் அவள் நினைப்பில் இல்லை, மூன்றே கால் மணியிலிருந்து ஒரு தடவைகூட இல்லை. அது புதிதாக ஒரு அடியாக வந்து விழுந்தது. "ஏனுங்க" என்றாள். போன் எங்கேயோ வைக்கப்பட்டது. காலடிகள் போயின. இரும்புப் படி. ரத்தினக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தாமணி போனைக் காதோடு சேர்த்து அழுத்தினாள். மில் ஓடியது, ஓடியது, பிறகு ஒரு கனத்த டக் சத்தம், அதன்பின் அந்த இரைச்சல் ஒரேயடியாக நிற்காமல், ஒவ்வொரு சுற்றாக இறங்கி, முனகி, சுத்தியல்கள் ஒன்றிரண்டாகத் தனித்தனியே விழுந்து, ஓய்ந்தது. பதினோரு வருஷத்தில் அந்த இடத்தின் அமைதியை அவள் இன்றைக்குத்தான் கேட்கிறாள். தூரத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது, எங்கேயோ ஒரு காகம் கத்தியது. ஒரு பெண் குரல் கேட்டது: "என்னாங்க, கரண்டு போயிருச்சா?" அவர் குரல், கத்தாமல், இருமலுக்கு நடுவில், "இல்ல. நாந்தான் நிறுத்துனேன்" என்றது. "மொதலாளி கேப்பாருங்க." "கேக்கட்டும். மூட்டையை அப்படியே போடுங்க. முக்காட்டை மூக்கோட சேத்துக் கட்டிக்கிட்டு எல்லாரும் வெளிய வாங்க. பழனாத்தா, நீ மெதுவா வா, ஓடாத." செருப்புகள் சரளையில் நடந்தன, நிறைய செருப்புகள், ஒன்றன்பின் ஒன்றாக. வெகுநேரம் கழித்து அவர் போனை எடுத்தார். மூச்சு வாங்கியது. "வந்துட்டோம் மணி, எல்லாரும் வேப்பமரத்தடியில நிக்கறோம். என்னைப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. இவிங்களுக்கு நான் என்ன சொல்றது?" அவளுக்கு அந்தக் கல்லின் ஃபார்முலா தெரியும், கடினம் தெரியும், எந்தத் தட்டு என்று தெரியும். கல்லை மறுபடி பேப்பரில் பொதிந்தாள். "அங்கயே இருங்க" என்றாள். "யாரையும் உள்ள விடாதீங்க. நான் வந்து சொல்றேன், நானே சொல்றேன்." ரத்தினக்கா அவளுடைய கைப்பையையும் குடையையும் ஏற்கெனவே எடுத்துவைத்துக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள், காலில் செருப்பை மாட்டியபடி.